பத்தாம் நம்பர் மூச்சு

ஏறுங்க அம்மிணி, ஏறுங்க. பாத்து, படி ஒசரம். நான் எந்திரிச்சு எடம் குடுத்திருப்பேன், இந்தக் காலு மடங்க மாட்டீங்குது. சீட்டு பூரா நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கறானேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் பக்கம் சன்னலோரமா உக்காருங்க. முட்டியா? அடக் கடவுளே, வீங்கியில்ல இருக்குது. இந்தாங்க, இந்த ஐஸ் பையை வெச்சு அமுத்திக்குங்க. நான் வெச்சது போதும். எனக்கு இனி வெச்சாலும் ஒண்ணுதான், வெக்காட்டியும் ஒண்ணுதான்.

அழுகாதீங்க அம்மிணி. இதுல அழுகறதுக்கு என்ன இருக்குது? நீங்க பதினாறு கிலோமீட்டர் ஓடிட்டு ஏறியிருக்கறீங்க. நான் பன்னண்டாவது கிலோமீட்டர் போர்டுலயே சாஞ்சாச்சு. இந்த வண்டிக்கு இங்கிலீசுல என்னமோ பேரு சொன்னாங்க. முடியாம உக்காந்தவங்களயெல்லாம் கூட்டி அள்ளிட்டுப் போற வண்டி, அவ்வளவுதான். காலைல கொடியசைக்கறப்ப இது ஓரமா நின்னுச்சு. அதைப் பாத்து நான் கேலி வேற பண்ணுனேன். "எந்தக் கெழவனுக்குங்க இது?"ன்னு கேட்டேன். எந்தக் கெழவனுக்குன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு.

ஏன் இப்படி ஊந்துக்கிட்டே போகுதுன்னு பாக்கறீங்களா? முன்னால கண்ணாடி வழியாப் பாருங்க. வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு, ஒல்லியா, கையப் பின்னால கட்டிக்கிட்டு ஒருத்தரு நடந்து போறாருல்ல? ரோட்டுல இருக்கற கடைசி ஆளு அவருதான். கடைசி ஆளைத் தாண்டி இந்த வண்டி போகக் கூடாதாம். டிரைவர் தம்பி ரெண்டு தடவ ஆரன் அடிச்சுக் கூப்பிட்டுப் பாத்துட்டாரு, ஏற மாட்டீங்கறாரு. உங்களைப் பாத்துட்டுக் கையக் காட்டி வண்டிய நிறுத்துனதும் அவருதான். அவரு யாருன்னு நெனச்சீங்க? என்ற சம்பந்தி. பேரு பொங்கியண்ணன். என்ற மகளோட மாமனாரு.

கேளுங்க, அந்த மனுசன் வருசா வருசம் இந்த ஓட்டம் ஓடறவரு. அறுபத்தி மூணு வயசு. இந்நேரத்துக்கு ஓடி முடிச்சு, எளநி குடிச்சு, ஊட்டுக்குப் போயி குளிச்சுட்டுப் பேப்பர் படிச்சுட்டு இருப்பாரு. இன்னைக்கு நடக்கறாரு. எதுக்கு? என்னைய நக்கல் பண்ணறதுக்கு. நான் வண்டியில உக்காந்து வர்றதைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போகோணும் அவருக்கு. பாருங்க பாருங்க, திரும்பறாரு. கையக் காட்டறாரு. நான் அந்தப் பக்கமே பாக்க மாட்டேன். நீங்க வேணா காட்டுங்க.

அப்படியென்ன கோவம்னு கேட்டுப் போட்டீங்க. கேட்டாச்சு, இனி நீங்க முழுசாக் கேட்டுத்தான் ஆகோணும். இந்த வண்டி போற வேகத்துக்கு நேரமும் இருக்குது.

நான் மாரப்பன். காந்திபுரத்துல மோட்டார் கடை. கெணத்து மோட்டார், போர் மோட்டார், ஊட்டுக்கு மாடி டேங்குக்குத் தண்ணி ஏத்தற சின்ன மோட்டார், எல்லாம். முப்பது வருசமா அதே தொழில். பழைய மோட்டார் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறுன்னு சொல்லிருவேன். இது பீத்திக்கறதுக்குச் சொல்லலீங்க, பின்னால வேணும், அதுக்குச் சொல்லறேன். சரி, பீத்திக்கறதுக்கும்தான்.

எனக்கு ஒரே புள்ள, சுகந்தி. அவளுக்குக் கூடப் பொறந்த பையன் யாருமில்ல. அவ பையன் முகிலன், இப்ப ரெண்டு வயசு. மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில வெச்சுத்தான செய்யறது? இவனுக்குத் தாய்மாமன் இல்ல. எங்க பங்காளி ஊட்டுப் பசங்க ரெண்டு பேரு இருக்கறாங்க, கூப்பிட்டா வந்து மடி குடுப்பாங்க. ஆனா சுகந்தி ஒரே புடியா நின்னுட்டா, எம் பையனுக்கு எங்கப்பா மடிதான்னு. எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோசம் இருக்குதே, கடையில வந்தவங்களுக்கெல்லாம் மைசூர்பாகு குடுத்தேன்.

மாப்பள ஊட்டுக் குலதெய்வம் காங்கயத்துக்கு அக்கட்ட ஒரு கரட்டு மேல இருக்குதுங்க. சின்ன மலைதான், ஆனா படி ஒவ்வொண்ணும் செங்குத்தா இருக்கும். அந்தக் கோயில்ல ஒரு மொறை. மடி குடுக்கறவங்கதான் புள்ளையை அடிவாரத்துலயிருந்து தூக்கிட்டு ஏறோணும். நடுவுல எறக்கப்படாது. எறக்கிட்டா மடி போச்சு. மிச்சத்தை யாரு தூக்கிட்டு மேல போறாங்களோ அவங்களுக்குத்தான் மடி. சாமி கண்டுபிடிச்சதோ, பூசாரி கண்டுபிடிச்சதோ, என்னைய மாதிரி ஆளுக்குன்னே கண்டுபிடிச்சிருக்கறாங்க.

போன வருசம் மொட்டை. பட்டுச்சட்டை, பட்டுவேட்டி, கழுத்துல மாலை. போற வழியில காங்கயத்துல ஓட்டல்ல நிறுத்துனோம். நான் நாலு இட்லி, ரெண்டு வடை, அதுக்கு மேல ஒரு பொங்கல். பொங்கல் வேண்டாம்னு என்ற ஊட்டுக்காரி சரசு சொன்னா. சொன்னதுக்காகவே சாப்பிட்டேன். அடிவாரத்துல பையனைத் தூக்கித் தோளுல வெச்சேன், மேளம் முன்னால போகுது, நான் சிங்கம் மாதிரி ஏறறேன். பாதி வரைக்கும் சிங்கம். அதுக்கப்புறம் மூச்சு இல்ல அம்மிணி. உள்ள இழுத்தா வர மாட்டீங்குது. கண்ணுல பூச்சி பறக்குது. அப்படியே படியில உக்காந்துட்டேன். பையன் தோளுலயிருந்து நழுவுனான். இந்த மனுசன், இதோ முன்னால போறாரே இவரு, பாஞ்சு வந்து பையனைப் புடுங்கிக்கிட்டாரு. நல்ல நேரம் முடியப் போகுதுன்னு எல்லாரும் கத்தறாங்க. அவரு தூக்கிட்டு மேல போயிட்டாரு. ஓடியே போனாரு. மொட்டை அவரு மடியிலதான் நடந்துச்சு. பொண்ணு ஊட்டு மடி, பையன் ஊட்டுக்கே போயிருச்சு. எங்க சனம் பூராப் பாத்துட்டு நின்னுது.

சுகந்தி மேல போகவே இல்ல, கேட்டுக்குங்க. பெத்த புள்ளைக்கு மொட்டை, பெத்தவ போயிப் பாக்கல. என்ற பக்கத்துலயே படியில உக்காந்து முந்தானையில விசிறிக்கிட்டு அழுதா, அழுதா, அப்படி அழுதா. அழுகாம என்ன பண்ணுவா? பையன் என்ற கையிலயிருந்து கீழ விழுகப் பாத்தானே, அந்தப் பயம்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இருதயம் நல்லா இருக்குதுன்னுட்டாரு டாக்டர். சக்கரை இருக்குது, எடை இருக்குது, தெனமும் நடங்கன்னாரு. அவ்வளவுதான். ஆனா சுகந்தி மாறிட்டா. "பையனைத் தூக்கிட்டுப் படியேறாதீங்கப்பா"ன்னா. சரின்னேன். அப்புறம் மாடிப்படியும் கூடாதுன்னா. அப்புறம் கூடத்துல சும்மா தூக்குனாக் கூட, எங்கிருந்தாலும் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு ஓடியாந்துருவா. "குடுங்கப்பா, குடுங்கப்பா"ன்னு வாங்கிக்குவா. அவன் "அப்புச்சி தூக்கு, அப்புச்சி தூக்கு"ங்கறான். நான் கையத் தூக்கறதுக்குள்ள அவ கை வந்துரும். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? அவளை இந்தக் கையிலதான தூக்கி வளத்தேன்? ஒரு தடவ கீழ போட்டிருப்பனா? நம்பிக்கை போச்சுங்க. பெத்த மகளுக்கே அப்பன் மேல நம்பிக்கை போச்சு. ராத்திரி தூக்கம் வராது எனக்கு. அழுதேன்னு கூடச் சொல்லலாம், யாருகிட்டயும் சொல்லாதீங்க.

அப்புறம் ஆடி பதினெட்டுக்கு எல்லாரும் எங்க ஊட்டுக்கு வந்திருந்தாங்க. வர்ற தை மாசம் காதுகுத்துன்னு பேச்சு வந்துச்சு. அதே கரடு, அதே படி, அதே மொறை. எல்லாரும் என்னையப் பாக்கறாங்க, பாக்காத மாதிரி பாக்கறாங்க. இவரு மெல்லமா, "சம்பந்தி, காலைல என்னோட ரேஸ்கோர்ஸ்ல வந்து நடங்க, தைக்குள்ள சரியாயிரும்"னாரு. நல்ல வார்த்தைதான். ஆனா எனக்கு அது நல்ல வார்த்தையாக் கேக்கலீங்க. என்ற வாய் இருக்குதே, அது என்னையக் கேட்டுக்கிட்டுத் தொறக்காது. "நடக்கறதா? நீங்க ஓடறீங்கல்ல இருபத்தொண்ணு கிலோமீட்டர், அதை நானும் ஓடி முடிக்கறேன். முடிக்காட்டி மடியே கேக்க மாட்டேன்"னுட்டேன். சுகந்தி டக்குனு புடிச்சுக்கிட்டா. "சரிப்பா. ஓடி முடிச்சாத்தான் தூக்கோணும். எல்லாரும் சாட்சி"ன்னுட்டா. சரசு சமையக்கட்டுலயிருந்து, "இந்த வாய்க்கு ஒரு ஸ்டார்ட்டர் பாக்ஸ் மாட்டியிருந்தா ஆஃப் பண்ணிக்கலாம்"னா. மோட்டார்காரன் பொண்டாட்டி, அதுக்குத் தகுந்த மாதிரித்தான் பேசுவா.

இனி விசயத்துக்கு வாரேன். ஓடோணும். எப்படி ஓடறது? நான் யோசிச்சேன். அன்னைக்குக் கரட்டுல என்ன கோளாறு? காலு நல்லாத்தான் இருந்துச்சு. மூச்சுதான் நின்னு போச்சு. அப்ப ரிப்பேரு எங்க பண்ணோணும்? மூச்சுல. மோட்டார் வலுவா இருந்தா தண்ணி எத்தன மாடிக்கும் ஏறும், பைப்பப் போயி யாராச்சும் தண்டால் எடுக்க வெப்பாங்களா? இப்படி யோசிச்சுக்கிட்டு இருக்கறப்பவே போனுல விளம்பரம் வருது. மூச்சுப் பயிற்சி மிசின். இந்தாங்க, கழுத்துல தொங்குதே, இதான். வாயில வெச்சுக் கடிச்சுக்கறது, இந்த வட்டத்தைத் திருகுனா ஒண்ணுலயிருந்து பத்து வரைக்கும் நம்பர். நம்பர் ஏற ஏறக் கஷ்டம். நெஞ்சு பலமாகும், தூர ஓட்டத்துல தெம்பு நிக்கும்னு ஒருத்தன் சட்டையில்லாம நின்னு சொல்லறான். அவன் வயித்தைப் பாத்ததும் வாங்கிட்டேன்.

கூட ஒரு காகிதம் வந்துச்சு, பொடி எழுத்துல. அதை யாருங்க படிக்கறாங்க? சரசு அதுல கருவேப்பிலை ஆஞ்சா. நம்ம கடையில மோட்டார் கூட வர்ற காகிதத்தையும் யாரும் படிக்கறதில்ல. படிக்காம ஓட்டிக் காயில் கருகிப்போயித் தூக்கிட்டு வருவாங்க பாருங்க, அவங்களை நான் திட்டாத திட்டே இல்ல.

முதல் நாளே ஒண்ணாம் நம்பர்ல வெச்சு ஊதுனேன். ஒண்ணுமே தெரியல. மூணு வெச்சேன். தெரியல. அஞ்சு, ஏழு, தெரியவே இல்ல. ஒரே வாரத்துல பத்து! கடையில உக்காந்து ஊதறது, டிவி பாத்துக்கிட்டே ஊதறது, கார்ல போறப்ப ஊதறது. ஒருக்கா சிக்னல்ல நின்னுக்கிட்டு ஊதறேன், டிராபிக் போலீஸ்காரரு எட்டிப் பாத்துட்டு, "சார், நாங்க கேக்கறதுக்கு முன்னாலயே ஊதறீங்களே"ங்கறாரு. அவருக்கும் வெளக்கிச் சொன்னேன். பத்தாம் நம்பர்னு சொன்னேன். சல்யூட் அடிச்சாரு.

ஓடுனனான்னு கேக்கறீங்களா? ரேஸ்கோர்ஸ் பக்கம் போனேனுங்க. போகாம இல்ல. அங்க ஓடி முடிச்சவங்கெல்லாம் ஜூஸ் கடையில நிப்பாங்க. நான் ஓடறதுக்கு முன்னாலயே அங்க நின்னுக்குவேன். அங்க இந்த மிசினைப் பத்தி ஒரே சண்டை. ஒருத்தரு இது அற்புதம்பாரு, இன்னொருத்தரு காசுக்குப் புடிச்ச கேடும்பாரு. நான் நடுவுல நின்னு பத்தாம் நம்பர்ல ஊதிக் காட்டுவேன். ரெண்டு பேரும் சண்டைய உட்டுட்டு நம்பரை எட்டிப் பாப்பாங்க. இவரு மட்டும், "ஓடற ஆளுக்கு அது சித்த ஒத்தாசையா இருக்குமுங்க சம்பந்தி. ஓடாத ஆளுக்கு அது என்ன பண்ணும்?"னாரு. பொறாமை. அப்படித்தான் நெனச்சேன்.

பொறாமைதான்னு எனக்கு உறுதியானது ஒரு ஞாயித்துக்கெழமை. சுகந்தி, மாப்பள, இவரு, எல்லாரும் ஊட்டுல. இவரு மிசினைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அஞ்சாம் நம்பர்ல வெச்சு வாயில வெச்சாரு. அடேங்கப்பா! கண்ணு பிதுங்குது, கழுத்து நரம்பு பொடைக்குது, மொகம் செவந்து போச்சு. வருசா வருசம் இருபத்தொண்ணு ஓடற ஆளு, அஞ்சாம் நம்பருக்கே அந்தக் கெதி! நான் வாங்கி, தொடச்சு, பத்துல வெச்சு, காலு மேல காலு போட்டுக்கிட்டு ஊதுனேன் பாருங்க, சல்லுனு. அவரு என்னையவே பாத்தாரு. மிசினைப் பாத்தாரு. வாயத் தொறந்தாரு. அப்பப் பாத்து சுகந்தி கைதட்டிச் சிரிக்கறா, "எங்கப்பாவைப் பாருங்க மாமா"ன்னு. அந்த மொட்டைக்கப்புறம் அவ அப்படிச் சிரிச்சு நான் பாக்கல. அவரு அவளைப் பாத்தாரு. தொறந்த வாயை மூடிட்டாரு. "பலமான ஆளுதான் சம்பந்தி நீங்க"ன்னு மட்டும் சொன்னாரு. தோத்தவரு வேற என்ன சொல்லுவாரு?

இன்னைக்குக் காலைல கதைய நீங்களே பாத்திருப்பீங்க. கெளம்பறப்ப நான் முன் வரிசை. இவரு பக்கத்துலயே நிக்கறாரு. நீங்க முன்னால போங்கன்னேன், "இன்னைக்கு மெல்லமாப் போலாம்னு இருக்கறேன்"னாரு. என்ற கூடவே ஓட்டம். நான் நடந்தா நடக்கறாரு, நின்னா நிக்கறாரு, தண்ணி வாங்கிக் குடுக்கறாரு. வேவு பாக்கறாருன்னு நெனச்சுக்கிட்டேன். மூச்சு வாங்குச்சான்னு கேட்டா, வாங்குச்சுங்க, துருத்தி மாதிரி வாங்குச்சு. அது பனியினாலன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஆனா என்னைய உக்கார வெச்சது மூச்சு இல்ல, கெண்டைக்காலு. பன்னண்டாவது போர்டு பக்கத்துல ஒரே சுண்டு. சுருட்டி இழுத்துருச்சு. மூடிக் கெடந்த பேக்கரி வாசல்ல விழுந்தேன்.

அங்க நடந்ததுதான் அம்மிணி சண்டை. இவரு குனிஞ்சு என்ற காலைப் புடிச்சு நீவ ஆரம்பிச்சுட்டாரு. சம்பந்தி காலைச் சம்பந்தி புடிக்கறதா? நாலு பேரு பாக்கறாங்க. நான் இழுத்துக்கிட்டேன். விடாமப் புடிச்சுக்கிட்டு சொல்றாரு: "காதுகுத்துக்குப் பையனை நான் தூக்கிட்டு ஏறிக்கறேன் சம்பந்தி. மேல வந்து மடி நீங்க குடுங்க. பூசாரிகிட்ட நான் பேசிக்கறேன். மடிக்கு மூச்சு எதுக்குங்க?"ங்கறாரு. மடிக்கு மூச்சு எதுக்குங்களாம்! என்ற தொப்பையப் பாத்து உக்காரத்தான் லாயக்குன்னு சொல்லறாரு, அதான? எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். "உங்க பிச்சை எனக்கு வேண்டாம். என்ற மக முடியற எடத்துல நிக்கறா. எனக்கு முன்னால போயி அவ மொகத்துல முழிச்சீங்கன்னா, இந்த சென்மத்துக்கும் உங்களோட பேச்சு இல்ல"ன்னு கத்திட்டேன். அதுக்குள்ள இந்த வண்டி வந்துருச்சு. என்னைய ஏத்தி உட்டாரு. ஏத்தி உட்டுட்டு முன்னால போயி நடக்க ஆரம்பிச்சாரு. முடிக்கறவரு முடிச்சுட்டு ஊட்டுக்குப் போறதுதான? அப்ப இருந்து இப்படியேதான் நடக்கறாரு.

என்னுங்க? மிசினா? பாருங்க, தாராளமாப் பாருங்க. பத்துலதான் இருக்குது, கொறச்சு வெச்சுக்குங்க, சின்னப் புள்ள நீங்க. பாத்து...

ஐயோ! என்ன அம்மிணி, என்னாச்சு? டிரைவர் தம்பி, தண்ணி குடுங்க. மொகமெல்லாம் செவந்து போச்சே. அதுதான் பத்து வேண்டாம்னு சொன்னேன்.

என்ன சொல்லறீங்க?

உங்ககிட்டயும் ஒண்ணு இருக்குதா? சரி. ஓடறவங்களுக்குக் கடைசி ரெண்டு மூணு கிலோமீட்டருக்குச் சித்த ஒத்தாசையா இருக்குமா? சரி, இவரும் அதைத்தான் சொன்னாரு. மறுபடியும் சொல்லுங்க, அந்த மிச்சத்தை.

ஊதக் கூடாதா? உள்ள இழுக்கோணுமா?

ஊதுனா காத்து இந்த ஓட்டை வழியா சும்மா வெளிய போயிருமா? இழுக்கறப்பத்தான் வால்வு மூடிக்கிட்டுப் பாரம் குடுக்குமா?

இருங்க, குடுங்க. நான் இழுத்துப் பாக்கறேன்.

...

ஒண்ணாம் நம்பர்ல வெச்சுக் குடுங்க அம்மிணி. சும்மா சிரிக்காதீங்க. சிரிங்க, பரவாயில்ல. டிரைவர் தம்பி, நீங்களும் சிரிச்சுக்குங்க. ரோட்டப் பாத்துச் சிரிங்க.

முப்பது வருசமா மோட்டார் விக்கறேன் அம்மிணி. ஒத்தை வழி வால்வு என்ன, தண்ணிய உள்ள இழுக்கற சக்சன் என்ன, வெளிய தள்ளற டெலிவரி என்னன்னு மத்தவங்களுக்குப் பாடம் எடுக்கறவன். டெலிவரிப் பக்கம் நின்னு நாலு மாசமா ஊதியிருக்கேன். பத்தாம் நம்பர்ல! போலீஸ்காரரு சல்யூட் அடிச்சாரு! என்ற கடையில இப்படி ஒருத்தன் செஞ்சுட்டு வந்திருந்தா, அவனை நான் வெளிய அனுப்பியிருப்பேன்.

ஒழுங்கா இழுத்திருந்தா இன்னைக்கு முடிச்சிருப்பனா? ஓடியிருக்கோணுமா? அதுதான, ஓடியிருக்கோணும். நீங்களும் அவரு கட்சிதானா.

இருங்க. அவரு அன்னைக்கு அஞ்சாம் நம்பர்ல கண்ணு பிதுங்குனது, இழுத்ததுனால. அப்ப அவருக்குத் தெரியும். நான் ஊதறதைப் பாத்த நிமிசமே தெரிஞ்சு போச்சு அந்த மனுசனுக்கு. வாயத் தொறந்தாரு, மூடிட்டாரு. என்ற மக சிரிச்சுட்டு இருந்தா.

அவ முன்னால என்னைய விட்டுக் குடுக்கலயா அவரு?

என்னுங்க அம்மிணி? நான் என்ன சொன்னேனா, பேக்கரி வாசல்லயா? அதான் சொன்னனே, எனக்கு முன்னால போயி அவ மொகத்துல முழிச்சீங்கன்னா...

அட.

அதுக்குத்தான் நடக்கறாரா? நான் கத்துனதுக்கா? எனக்கு முன்னால போகக் கூடாதுன்னு, அஞ்சாறு மைலும் வண்டிக்கு முன்னால நடந்துக்கிட்டு, நான் வர்றனா வர்றனான்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு. நான் ஒரு மடையன் அம்மிணி. கையக் காட்டக் கூட இல்ல நான். இந்தச் சன்னலை யாருங்க இப்படி இறுக்கமாப் பண்ணுனாங்க? தொறங்க. சம்பந்தீ! சம்பந்தீ! பாத்துட்டாரு. நிக்கறாரு பாருங்க.

மைதானம் வந்துருச்சா? அதுக்குத்தான் நின்னாரா? அதோ அந்த பலூன் கட்டுன வளைவுதான் முடியற எடம். கிட்டத்தாலதான் இருக்குது. கதவைத் தொறக்கறாரு. என்னுங்க சம்பந்தி? எறங்கோணுமா? என்னைய அள்ளியாச்சுங்க, நான் இனி எறங்குனாலும் கணக்குல வராது. கேட்டீங்களா அம்மிணி, என்ன சொல்லறாருன்னு? "யாரு கணக்குக்கு எறங்கச் சொன்னாங்க, உங்க மக நிக்கறா, வண்டியில போயி எறங்குனீங்கன்னா பயந்துக்குவா, நடந்து வாங்க"ங்கறாரு. பயந்துக்குவாளாம். எதுக்குப் பயப்படறா? பையன் எங்கிட்ட இல்லியே.

நீங்களும் எறங்குங்க அம்மிணி. இந்தப் பக்கம் என்ற தோளைப் புடிச்சுக்குங்க. அந்தப் பக்கம் அவரு என்னையப் புடிச்சுக்கட்டும். மூணு பேருக்கும் சேத்து நாலு நல்ல காலு இருக்கும், போதும். மெல்ல, மெல்ல.

சம்பந்தி, ஒண்ணு கேக்கறேன். இந்த மிசினு... அன்னைக்கே தெரியுமில்ல உங்களுக்கு? சிரிக்காதீங்க. ஏனுங்க சொல்லல? சரி, சொல்ல வேண்டாம். தை மாசம் நீங்களே தூக்கிட்டு ஏறுங்க. நான் மெல்லமா வந்து மேல உக்காந்துக்கறேன். மடிக்கு மூச்சு எதுக்கு, இருக்கற தொப்பை போதும். ஆனா நாளைக்குக் காலைல ரேஸ்கோர்ஸுக்கு என்னைய எழுப்பிக் கூட்டிட்டுப் போகோணும். ஜூஸ் கடைப் பக்கம் உடாதீங்க.

அதோ, பச்சைச் சுடிதாரு, இடுப்புல பையனோட. அவதான் அம்மிணி, என்ற மக. பாத்துட்டா. நான் நொண்டறதைப் பாத்துட்டா. ஏ கண்ணு, ஒண்ணுமில்ல, காலுதான்! என்ன பண்ணறா இவ? பையனைக் கீழ எறக்கி உட்டுட்டாளே! அத்தன கூட்டத்துல பையனை உட்டுட்டு ஓடியாறா. சரசு, பையனைப் புடி! ஆ, புடிச்சுட்டா.

எப்படி வர்றா பாருங்க அம்மிணி. ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு. எங்கிட்டயிருந்து பையனை வாங்கறதுக்கு ஓடியாருவான்னு சொன்னனே, அதே மாதிரிதான் வர்றா. அதே கை, அதே மொகம்.

எங்கிட்ட இப்பப் பையன் இல்லீங்களே.